கணினிக் கேள்வி-பதில்: கண்முன்னே இருந்தும் கிடைக்காத சாளரம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே நோயைச் சொல்கின்றன. ஒரு நிரல் இன்னொரு செயலியின் சாளரத்தைத் தேடிப் போகிறது. அது கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் பயனில்லை. அச்சுப்பொறி பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன். இந்தக் கடிதங்களில் சம்பளமும் எடைக் கணக்கும் இருக்கின்றன. அவை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: அக்கா, நான் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி. குலை ஏற்றி வரும் லாரி மேடையில் நின்றதும் அதன் எடை ஒரு நிரலின் சாளரத்தில் தெரியும். அந்த எண்ணை எக்செல் தாளுக்குக் கொண்டுவர, எனக்கு முன்பு இருந்தவர் ஃபைண்ட்விண்டோ என்ற கட்டளையை வைத்து ஒரு மேக்ரோ (எக்செலுக்குள் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதியிருந்தார். பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. போன மாதம் கணினியை மாற்றி, எடை நிரலின் புதிய பதிப்பையும் ஏற்றினார்கள். அன்று முதல் ஃபைண்ட்விண்டோ பூஜ்யத்தைத்தான் தருகிறது, அதாவது சாளரம் கிடைக்கவில்லை என்கிறது. சாளரம் என் கண்முன்னே திறந்து கிடக்கிறது! சாளரத்தின் வகைப்பெயர் எனக்குத் தெரியாததால், அந்த இடத்தில் வெறும் மேற்கோள் குறிகளைப் போட்டும் பார்த்துவிட்டேன். *(வாசகி, பாகான் டத்தோ)*

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேக்ரோவில் இருக்கும் தலைப்பு நிரலின் பெயர் மட்டும். புதிய சாளரத்தின் தலைப்புப் பட்டையிலோ பெயருக்குப் பின்னால் பதிப்பு எண்ணும், உள்நுழைந்தவரின் பெயரும் சேர்ந்திருக்கின்றன. ஃபைண்ட்விண்டோ தலைப்பை முழுமையாக ஒப்பிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டும்தான் அது மன்னிக்கும். ஓர் இடைவெளி கூடினாலும் பூஜ்யம்தான். காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவரும் உள்நுழைகிறீர்கள் என்றால், தலைப்பு நாளுக்கு இரண்டு முறை மாறும்.

எங்கள் ஊரையே பாருங்கள். நான் பிறந்தபோது இது பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பழைய பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெயர்ப்பலகை பார்த்து வருகிறவர் ஊருக்குள் நின்றுகொண்டே ஊரைத் தேடுவார். ஆனால் அஞ்சல் எண் அன்றும் 45600, இன்றும் 45600. சாளரத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. தலைப்புப் பட்டையில் தெரியாமல், அது எந்த வகைச் சாளரம் என்று விண்டோஸுக்குச் சொல்லும் பெயர் அது. அதைத்தான் வகைப்பெயர் என்கிறோம். எழுதியவர் வைத்த தலைப்பு எத்தனை முறை மாறினாலும், பெரும்பாலும் வகைப்பெயர் அப்படியே இருக்கும். எக்செலே நல்ல சான்று. 2010 பதிப்பு வரை அதன் தலைப்பில் 'மைக்ரோசாப்ட் எக்செல்' முன்னால் வந்து, கோப்பின் பெயர் பின்னால் வந்தது. 2013 பதிப்பில் கோப்பின் பெயர் முன்னால் வந்துவிட்டது; 'எக்செல்' என்ற சொல் மட்டும் வால் போல ஒட்டிக்கொண்டது. வகைப்பெயர் அன்றும் எக்ஸ்எல்மெயின், இன்றும் எக்ஸ்எல்மெயின்.

நீங்கள் போட்ட வெறும் மேற்கோள் குறிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிழை மிகப் பரவலானது. வெறும் மேற்கோள் என்றால் 'எந்த வகையாக இருந்தாலும் சரி' என்று விண்டோஸ் புரிந்துகொள்ளாது. 'பெயரே இல்லாத வகை' என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். வகை எதுவானாலும் சரி என்று சொல்ல, மேக்ரோ எழுதும் மொழியான விஷுவல் பேசிக்கில் விபிநல்ஸ்டிரிங் என்ற சொல்லை எழுத வேண்டும். புதிய கணினியில் 64-பிட் எக்செல் இருப்பதால்தான் இந்தக் கோளாறு என்று யாரோ உங்களிடம் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது காரணம் அல்ல. விண்டோஸ் கட்டளையை மேக்ரோவுக்கு அறிமுகப்படுத்தும் அறிவிப்பு வரியில் பிடிஆர்சேஃப் என்ற சொல் இல்லையென்றால் 64-பிட் எக்செல் மேக்ரோவை ஓடவே விடாது, சிவப்பாக நிறுத்திவிடும். உங்களுடையது ஓடிப் பூஜ்யம் தருகிறது.

ஆகவே ஒரு வரியையும் திருத்துவதற்கு முன் சாளரத்தை விசாரியுங்கள். விஷுவல் ஸ்டுடியோவுடன் ஸ்பை பிளஸ் பிளஸ் என்ற கருவி வருகிறது. அது இல்லையென்றால் இலவசமான ஆட்டோஹாட்கீயில் விண்டோ ஸ்பை இருக்கிறது. சுட்டியை எடை நிரலின் மேல் கொண்டுபோனால் தலைப்பு, வகைப்பெயர், எந்த நிரல் கோப்பு அதைத் திறந்தது என்ற மூன்றையும் காட்டும். மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிரலை மூடித் திறந்து, வேறொருவர் உள்நுழைந்த பிறகு மறுபடியும் எழுதுங்கள். எது மாறவில்லையோ அதை வைத்துத் தேடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிரல் விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்டிருந்தால் வகைப்பெயர் தண்டர்ஆர்டி6ஃபார்ம்டிசி என்று இருக்கும். அந்த மொழியில் எழுதிய நிரல்களின் பெரும்பாலான படிவங்களுக்கும் (அதாவது சாளரங்களுக்கும்) அதே பெயர்தான். டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸ் முறையில் எழுதியிருந்தால் 'விண்டோஸ்ஃபார்ம்ஸ்10' என்று தொடங்கும் நீண்ட பெயர் வரும். அதன் வால்பகுதி கணினிக்குக் கணினி மாறலாம், தொடக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். டெல்பியில் எழுதிய பழைய நிரல்களில், திரையில் தெரியாத இன்னொரு சாளரம் அதே தலைப்போடு இருப்பதுண்டு. ஃபைண்ட்விண்டோ மறைந்திருப்பதையும் எடுத்துக் கொடுத்துவிடும்.

இருபத்தேழு ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்தவள் நான். கடிதப் பை வந்ததும் பிரிப்பது என் வேலை. 'முனியாண்டி' என்று மட்டும் எழுதி வரும். எங்கள் தோட்டத்தில் முனியாண்டிகள் மூன்று பேர். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூவரும் வருவார்கள், அல்லது எவரும் வரமாட்டார்கள். எந்த வரிசை, எத்தனையாவது வாசல், எந்த மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) வேலை என்று கேட்டுத்தான் கடிதத்தைக் கொடுப்பேன். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தாள் தவறான வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. மேக்ரோவையும் அப்படித்தான் எழுத வேண்டும். எனும்விண்டோஸ் என்ற கட்டளை மேல்மட்டச் சாளரங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்தும். ஒவ்வொன்றிடமும் உன்னைத் திறந்த நிரல் எது, திரையில் தெரிகிறாயா, உன் வகை என்ன, உன் தலைப்பில் எடை நிரலின் பெயர் எங்காவது வருகிறதா என்று கேளுங்கள். நான்குக்கும் சரியான பதில் சொல்வது ஒன்றே ஒன்று என்றால் அதைப் பிடியுங்கள். இரண்டு இருந்தால் எதையும் தொடாமல் நின்றுவிடுங்கள்.

அடுத்து எண். எடை எண் இருப்பது பெரிய சாளரத்துக்குள் இருக்கும் சிறிய பெட்டியில். அது குழந்தைச் சாளரம். ஃபைண்ட்விண்டோ குழந்தைகளைப் பார்ப்பதில்லை. அதற்கு ஃபைண்ட்விண்டோஇஎக்ஸ் வேண்டும். பழைய பதிப்பில் அந்த எண் எழுத்துப் பெட்டியாக இருந்ததால்தான் உங்கள் மேக்ரோ படித்தது. புதிய பதிப்பில் அதை லேபிளாக மாற்றியிருந்தால் சிக்கல். விஷுவல் பேசிக் 6-இன் லேபிள் ஒரு சாளரமே அல்ல; படிவத்தின் மேல் வரையப்பட்ட எழுத்து. அதை வெளியிலிருந்து இந்த வழியில் படிக்க முடியாது. ஸ்பை கருவியை எண்ணின் மேல் வைத்தாலும் முழுப் படிவத்தையே அது சுட்டிக் காட்டினால் சந்தேகமே வேண்டாம். அப்போது நிரலைக் கொடுத்தவர்களிடம் எடைப் பதிவைக் கோப்பாக எழுதித் தரும் வசதியைக் கேளுங்கள். பல எடைமேடைகளின் காட்டும் கருவி சீரியல் கேபிள் வழியாக எண்ணை நேரடியாகவே அனுப்பும். உங்களுடையதில் அந்த வசதி இருந்தால் சாளரத்தைத் தேடும் வேலையே இல்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் இன்றே செய்ய வேண்டும். சாளரம் கிடைக்காதபோது உங்கள் மேக்ரோ முந்தைய லாரியின் எடையை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறது. நீங்கள் அனுப்பிய நிரலில் அந்த வரியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக நடப்பட்ட தென்னமரம் எங்கள் ஊர்ப் பக்கம்தான். செம்பனை எடையை வைத்தே பிழைத்த குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். சிறுதோட்டக்காரர் ஒருவர் நான்கு நாள் வெட்டிக் கொண்டுவந்த குலைக்கு, வேறொருவர் லாரியின் எடை பதிவானால் அது அவருடைய அரிசியில் கை வைப்பது. பூஜ்யம் வந்தால் மேக்ரோ உடனே நிற்க வேண்டும், கட்டம் காலியாக இருக்க வேண்டும், நீங்கள் கையால் எழுத வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 1998-இல் தீபாவளிக்கு முந்தைய வாரம், செக்ரோல் கணக்கை (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவை) சம்பள நிரலில் ஏற்ற நானே ஒரு மேக்ரோ எழுதினேன். ஆப்ஆக்டிவேட் என்ற கட்டளையால் சாளரத்தை முன்னே கொண்டுவந்து, சென்ட்கீஸ் கட்டளையால் எண்களைத் தட்டச்சு செய்ய விட்டேன். ஆப்ஆக்டிவேட் முதலில் முழுத் தலைப்பைத் தேடும். கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லில் தொடங்கும் எந்தச் சாளரத்தையும் எடுத்துக்கொள்ளும். அன்று சம்பள நிரல் திறந்திருக்கவில்லை. 'பேரோல்' என்று பெயர் வைத்த ஒரு குறிப்புக் கோப்பு நோட்பேடில் திறந்திருந்தது. எண்கள் எல்லாம் அதில் போய் விழுந்தன, பிழைச் செய்தியும் வரவில்லை. வேலை முடிந்தது என்று நம்பி நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் சம்பளத்துக்கு வரிசையில் நின்றவர்கள் மாலை வரை நின்றார்கள். பிள்ளைகளுக்குத் துணி எடுக்க பஸ் ஏறக் காத்திருந்தவர்களின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அன்றிலிருந்து சென்ட்கீஸ் கட்டளையைச் சம்பளத்துக்கோ எடைக்கோ நான் பயன்படுத்தியதில்லை. அது முன்னால் நிற்கும் சாளரம் எதுவோ அதில் கொட்டிவிட்டுப் போகும்.

கேள்வி: என் நிரல் சம்பளச் செயலியின் சாளரத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது, விண்டோஸ் அதற்குக் கொடுத்த அடையாள எண்ணும் வருகிறது. ஆனால் பட்டனை அழுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பினால் எதுவும் நடக்கவில்லை. பிழை எண் 5 என்று வருகிறது. வேறொரு கணினியில் இதே நிரல் வேலை செய்கிறது. *(கணக்கு அலுவலக உதவியாளர், கிள்ளான்)*

பதில்: தம்பி, பிழை எண் 5 என்றால் 'அனுமதி இல்லை'. உங்கள் கணினியில் சம்பளச் செயலி நிர்வாகி உரிமையோடு ஓடுகிறது. உங்கள் நிரல் சாதாரண உரிமையோடு ஓடுகிறது. 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, தாழ்ந்த உரிமையுள்ள நிரல் உயர்ந்த உரிமையுள்ள சாளரத்தைக் கண்ணால் பார்க்கலாம், தலைப்பைக் கேட்கலாம், ஆனால் அதற்குக் கட்டளை அனுப்ப முடியாது. கெட்ட நிரல் ஒன்று நிர்வாகிச் சாளரத்தை ஆட்டிப் படைக்காமல் இருக்க வைத்த வேலி அது.

உங்கள் நிரலையும் நிர்வாகியாக ஓட்டு என்று பலர் சொல்வார்கள். உடனே வேலை செய்யும். ஆனாலும் நான் அதைச் சொல்ல மாட்டேன். சம்பளச் செயலி ஏன் நிர்வாகியாக ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அதைத் திறக்கும் குறுக்குவழிப் படவுருவின் பண்புகளில் 'நிர்வாகியாக இயக்கு' என்ற கட்டத்தில் யாரோ குறி போட்டிருப்பார்கள். பெரும்பாலும், செயலி தன் தரவை நிரல்கள் வைக்கும் கோப்புறைக்குள்ளேயே எழுத முயன்று தடுக்கப்பட்டதால் போட்ட குறியாக இருக்கும். தரவுக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்ற முடியுமா என்று செயலியைக் கொடுத்தவரிடம் கேளுங்கள். மாற்றிவிட்டு அந்தக் குறியை எடுத்தால் இருவரும் ஒரே தளத்துக்கு வந்துவிடுவீர்கள்.

கேள்வி: பகலில் நானே ஓட்டினால் சாளரம் கிடைக்கிறது. இரவு 2 மணிக்கு ஓடும்படி பணி அட்டவணையில் வைத்தால் ஒரு நாளும் கிடைப்பதில்லை. *(வாசகர், பகாவ்)*

பதில்: அட்டவணையில் 'பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இயக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அப்போது உங்கள் நிரல் உங்கள் மேசைத்தளத்தில் ஓடுவதில்லை, யாருக்கும் தெரியாத வேறோர் அமர்வில் ஓடுகிறது. ஓர் அமர்வில் இருப்பவர் மற்றோர் அமர்வின் சாளரங்களைப் பார்க்க முடியாது. 'உள்நுழைந்திருக்கும்போது மட்டும்' என்று மாற்றிவிட்டு, கணினியைவிட்டு வெளியேறாமல் வீட்டுக்குப் போங்கள். திரை பூட்டியிருந்தால் சாளரம் கிடைக்கும். ஆனால் தட்டச்சு செய்வதுபோல அனுப்பும் விசைகள் போய்ச் சேராது.

கேள்வி: நான் ஐந்தாம் படிவ மாணவி. பழைய பாடப் புத்தகம் ஒன்றில் 'கால்க்ஃபிரேம்' என்ற வகைப்பெயரை வைத்துக் கால்குலேட்டரைக் கண்டுபிடிக்கும் பயிற்சி இருக்கிறது. என் மடிக்கணினியில் வரவில்லை. *(மாணவி, சுங்கை சிப்புட்)*

பதில்: புத்தகம் பொய் சொல்லவில்லை, கண்ணு. விண்டோஸ் 7 காலத்தில் அது உண்மை. விண்டோஸ் 10-இல் கால்குலேட்டர் புதிய வகைச் செயலி. அதன் வெளிச்சட்டம் அப்ளிகேஷன்ஃபிரேம்விண்டோ என்ற வகை. அந்தச் சட்டத்தைத் திறந்தது யார் என்று கேட்டால், கால்குலேட்டரின் பெயர் வராது. இப்படிப்பட்ட செயலிகள் பலவற்றுக்குச் சட்டம் போட்டுத் தரும் வேறொரு நிரலின் பெயர் வரும். உள்ளே இருக்கும் எண் பட்டன்களும் தனித்தனிச் சாளரங்கள் அல்ல. யுஐ ஆட்டோமேஷன் என்ற வழியைப் படித்துப் பாருங்கள். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் நிரல்கள் அந்த வழியாகத்தான் பட்டன்களைக் கண்டுகொள்கின்றன. பயிற்சிக்கு மட்டும் என்றால் நோட்பேடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வகைப்பெயர் நோட்பேட் என்றே இருக்கும்.

கேள்வி: எங்கள் கோவில் நிர்வாகத்துக்காக ஒருவர் எழுதிக் கொடுத்த நிரலின் தலைப்பு 'கோவில் கணக்கு' என்று தமிழில் இருக்கிறது. எக்செல் மேக்ரோவால் அதைத் தேடினால் கிடைப்பதில்லை. தலைப்பைப் படித்துக் காட்டச் சொன்னால் வெறும் கேள்விக்குறிகள் வருகின்றன. தலைப்பை ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எனக்கு மனமில்லை. *(கோவில் செயலாளர், தைப்பிங்)*

பதில்: மாற்றாதீர்கள், ஐயா. தமிழில் குற்றமில்லை, மேக்ரோவில்தான் குற்றம்.

விண்டோஸில் ஃபைண்ட்விண்டோ போன்ற கட்டளைகள் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கின்றன. பெயரின் கடைசியில் 'ஏ' என்று முடிவது பழைய எழுத்து முறைக்கு, 'டபிள்யூ' என்று முடிவது யுனிகோடுக்கு. பழைய முறையில் ஒவ்வொரு மொழிக் குழுவுக்கும் ஒரு குறிப்பக்கம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் அட்டவணை, உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்றை விண்டோஸ் கொடுக்கவே இல்லை. அதனால் தமிழ் எழுத்து அந்த வழியில் போனால் ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். எக்செல் மேக்ரோவில் கூடுதலாக ஒரு வலை இருக்கிறது. 'டபிள்யூ' கட்டளையை அறிவித்துவிட்டு, தலைப்பைச் சரம் (ஸ்டிரிங்) என்ற வகையில் அனுப்பினால், விஷுவல் பேசிக் அதைப் போகும் வழியில் பழைய முறைக்கு மாற்றிவிடும். அறிவிப்பில் அந்த இடத்தை லாங்பிடிஆர் என்று எழுதி, தலைப்பை ஸ்டிர்பிடிஆர் வழியாக அனுப்புங்கள். அப்போது எழுத்துகள் காயமில்லாமல் போய்ச் சேரும். மேக்ரோ எழுதும் பகுதியில் தமிழை நேரடியாகத் தட்டச்சு செய்தாலும் கேள்விக்குறிதான் விழும். தலைப்பை எக்செல் கட்டம் ஒன்றில் எழுதி அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கிடைக்காவிட்டால், 'கோ' என்ற எழுத்தைச் சந்தேகப்படுங்கள். யுனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ககரம் 2965, அதன் பின் ஓகாரக் குறி 3019 என்ற ஒரே எண்ணாக வரலாம். அல்லது ஏகாரக் கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டு எண்களாக வரலாம். திரையில் இரண்டும் மயிரிழையும் மாறாமல் ஒன்றாகவே தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். நிரலை எழுதியவர் ஒரு விசைப்பலகையிலும் நீங்கள் வேறொன்றிலும் தட்டச்சு செய்திருந்தால் இது நடக்கக்கூடியதே. எங்கள் கணினி வகுப்புக்கு வந்த ஒரு தமிழாசிரியை, மாணவர் பெயர்ப் பட்டியலில் 'கோமதி' மட்டும் தேடினால் கிடைக்கவில்லை என்று இரண்டு நாள் கண்ணைக் கசக்கினார். காரணம் இதே எழுத்துதான்.

சோதிக்க எளிய வழி: நிரலின் தலைப்பை 'டபிள்யூ' கட்டளையால் படித்து, ஒவ்வோர் எழுத்தின் எண்ணையும் ஏஎஸ்சிடபிள்யூ கட்டளையால் ஒரு வரிசையில் எழுதுங்கள். நீங்கள் தட்டச்சு செய்த தலைப்புக்கும் அப்படியே செய்து பக்கத்தில் வையுங்கள். எங்கே பிரிகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிரிந்தால் 3015, 3006 இணையை 3019 ஆக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். 'கொ' போன்ற குறில்களுக்கும் 'கௌ' போன்றவற்றுக்கும் இதே வேலை உண்டு. மாற்றிய பிறகும் பிடிபடவில்லை என்றால் அந்த இரண்டு வரிசைகளையும் எனக்கு அனுப்பிவையுங்கள், ஐயா. தைப்பூசக் கணக்கு முடிவதற்குள் பார்த்துச் சொல்கிறேன்.